அரைப்பேர்

தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் எட்டுப் பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மண்வெட்டியோடு ரோட்டோரக் கால்வாயில் இறங்கினார்கள். ரிங்லெட் ரோட்டின் மேட்டுச் சரிவு மழைக்கு நிற்காது, வழிந்துகொண்டே இருக்கும். கால்வாய் அடைத்தால் சேறு நேரே கீழே, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குள் போகும். தோட்டத்து வேலை காலையோடு சரி. பகலுக்கு மேல் இந்த அரசாங்க வேலை. அரைநாள் வேலைக்கு அரைப்பேர். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. இரண்டு பெண்களின் அரைப்பேர் சேர்ந்தால்தான் ஒரு பேர் ஆகும்.

அவர்களுக்குத் தலைவி நீலாவதி. ரோட்டு இலாகா அதிகாரி வந்த அன்று நல்ல மழை. மற்றவர்கள் கொழுந்துக் கொட்டகைக்கு ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அவர் வண்டிக்குள்ளிருந்தே மலாயில் பேசினார். இனிமேல் அரசாங்கம் நேராகக் கூலிக்கு ஆள் வைக்காது, குத்தகைக்கு விடப்போகிறது, குறைந்த விலை கேட்பவருக்கு வேலை என்றார். கடைசியாக, பகலுக்கு மேல் இங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்.

எட்டு அரைப்பேர். நீலாவதி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள்.

"எம்பாட் ஓராங், துவான்."

நாலு ஆள் என்று சொல்லிவிட்டோம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. தடுமாறாமல் மலாயில் பதில் சொன்னதை அன்று சாயங்காலம் புருஷனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

குத்தகைக்காரரின் ஆள் நாகப்பன் வந்தபோதுதான் விளங்கியது. நாலு ஆள், பகலுக்கு மேல், அரைநாள் கூலி. டெண்டரில் அப்படித்தான் இருக்கிறது என்றான்.

"நான் சொன்னது பேருப்பா. ஆளு எட்டு."

"அரை ஆளெல்லாம் கவர்மெண்டுக்குத் தெரியாதுலா அக்கா. நாலு ஆளுக்குத்தான் எங்க முதலாளி விலை கேட்டாரு. யாரு நாலு பேருன்னு நீங்களே சொல்லிடுங்க."

மறுநாள் கொழுந்துக்குப் போகாமல் பஸ் ஏறி இலாகாவுக்குப் போனாள். அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார். கையெழுத்து ஆகிவிட்டது, இனி ஓர் ஆளைக் கூட்டினாலும் விலை கெட்டுவிடும், அடுத்த டெண்டரில் பார்க்கலாம் என்றார். அது எப்போது என்று கேட்டாள். மூன்று வருஷம்.

நாகப்பனிடம் தன்னைச் சேர்த்து நாலு பேரைச் சொன்னாள். பவளத்தை விட்டுவிட்டாள். பவளத்தின் புருஷன் நெஞ்சுச் சளியோடு படுத்துக் கிடக்கிறான். இந்த அரைப்பேர்தான் அவளுக்குத் துணை. ஆனால் விட்டாலும் வாசலில் வந்து நின்று சண்டை போடாதவள் பவளம் ஒருத்திதான். அது நீலாவதிக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டாள்.

பவளம் ஒன்றும் கேட்கவில்லை. மழை மாசத்தில் நாலு மண்வெட்டிக்கு மண் அடங்காமல் சேறு லயத்துப் பக்கம் திரும்பியபோது, விடுபட்ட மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"கூலி இல்லையேடி பவளம்."

"கூலிக்கா வந்தேன்? என் அடுப்புலதானேக்கா தண்ணி நிக்குது."

நீலாவதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எட்டுப் பேரும் வெட்டினார்கள். கால்வாயில் தண்ணீர் தெளிந்து ஓடத் தொடங்கியபோது மேலே வளைவில் இலாகா வண்டியின் சத்தம் கேட்டது.

"ஏறிப் போங்கடி. வெளியாளு எறங்கியிருக்குன்னு தெரிஞ்சா இருக்கிற வேலையும் போயிடும்." சொன்னது நீலாவதிதான்.

அதிகாரியும் நாகப்பனும் இறங்கிக் கால்வாயை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார்கள். நாலு பெண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். நாலு ஆளே தாராளம், மற்ற ரோடுகளுக்கும் இதே கணக்கைப் போடலாம் என்று அதிகாரி சொன்னதை நாகப்பன் சந்தோஷமாகத் தமிழில் சொன்னான்.

மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு இடையில், முழங்கால்வரை சேறு அப்பிய கால்களை மடக்கிக்கொண்டு பவளமும் மற்ற மூவரும் குந்தியிருந்தார்கள். பவளத்துக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.