அறுத்த எர்த் பின்

காலையிலிருந்து மின்சாரம் ஒரு நிலையில் இல்லை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மின்விசிறி திடீரென்று வேகமெடுக்கும்போதெல்லாம் அவள் எம்பிராய்டரி மிஷினை நிறுத்தினாள். நிதானமானதும் மறுபடி ஓட்டினாள். பள்ளிச் சட்டைகளுக்கான சின்னம், மொத்தம் இருநூறு. நூற்றுப்பத்துதான் முடிந்திருந்தது. மாலை ஐந்து மணிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த ஒரே மிஷினை நம்பி இறங்கியவளுக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர்.

கணவன் ஆபீசிலிருந்து மூன்றாவது முறையாகக் கூப்பிட்டு, மின்சாரம் எகிறினால் தடுக்கத்தானே ஸ்பைக் கார்டு மாட்டியிருக்கிறது, தைரியமாக ஓட்டு என்றான். மிஷினோடு உட்கார்ந்திருப்பவள் அவள். தைரியம் சொல்வது அவனுக்குச் சுலபம்.

பொறுக்க முடியாமல் நாத்தனாரை வரச் சொன்னாள். கணவனின் தங்கை, எலக்ட்ரீஷியன். கருவிப் பையோடு உள்ளே வந்தவள் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்க விடுற பெருமூச்சுக்கு கரன்ட் இல்லாமலே ஃபேன் சுத்தும் போலிருக்கே அண்ணி."

ஸ்பைக் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்கி, பிளக்கைத் திருப்பினாள். சிரிப்பு நின்றுபோயிற்று. மூன்று பின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. தடித்த எர்த் பின்னை யாரோ அடியோடு அறுத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தும் வைத்திருந்தார்கள். சுவரில் இருந்தது இரண்டு துளை மட்டும் உள்ள பழைய சாக்கெட்.

"உங்க அண்ணன்தான் மாட்டினார்."

"தேய்ச்சதைப் பார்த்தாலே தெரியுது. தப்பைக்கூட நேர்த்தியா செய்வான்."

எர்த் இல்லாவிட்டால் எகிறி வருவதை மண்ணுக்குள் அனுப்ப வழியில்லை, கார்டு பாதிக் காவல்தான் காக்கும் என்றாள். கார்டில் பச்சை விளக்கு எரிவதற்கு அர்த்தம், கரன்ட் வருகிறது என்பது மட்டும்தான். மெயின் போர்டிலிருந்து புது எர்த் கம்பி இழுத்து மூன்று துளை சாக்கெட் மாட்ட மூன்று மணி நேரமாகும். மணி அப்போதே ஒன்றரை.

அவள் கணவனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"மிஷின் வந்த அன்னிக்கு உடனே ஓட்டிப் பார்க்கணும்னு நின்ன. பிளக் உள்ள போகல. நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்ல மனசு வரல."

"சரி, அன்னிக்கு வரல. அதுக்கப்புறம் அஞ்சு மாசம்?"

"அப்புறம் சொல்ல வெட்கமா இருந்துச்சு."

திட்ட வாயெடுத்தாள். அந்த நேரம் விளக்கு வெள்ளையாகப் பளிச்சிட்டது. விசிறி அலறியது. பக்கத்து வீட்டில் ஏதோ படாரென்று வெடித்தது. கார்டைப் பிடுங்கிப் போட்டிருந்ததால் அவளுடைய மிஷின் தப்பித்து நின்றது. அதன் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. பள்ளிக்குப் போன் செய்து, நாளைக் காலை பத்து மணிக்குத்தான் தர முடியும் என்றாள். கிளார்க் முணுமுணுத்தார்; அடுத்த ஆர்டர் கிடைப்பது சந்தேகம்தான் என்று சொல்லி வைத்தார். நாத்தனார் மெயினை அணைத்தாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்த அண்ணனிடம் தங்கை உளியையும் சுத்தியலையும் நீட்டினாள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுவரை உடைக்க ஆரம்பித்தான். மனைவி மிஷினை இரண்டு போர்வை போட்டு மூடிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, முடிந்த சின்னங்களின் பிசிறு நூல்களை வெட்டினாள். இன்னும் தொண்ணூறு. கத்தரி அடிக்கடி தவறியது.

"கரன்ட் வந்ததும் நூல் மாத்திக் கொடுக்க நான் உட்காருறேன்," என்றான் தூசிக்குள்ளிருந்து.

"உட்காருங்க. பிளக் பக்கம் மட்டும் போகாதீங்க."