தேயிலைச் சக்கையில் ஓர் அழைப்பு

பனியின் வெள்ளையில் பழுப்பாக மூன்றெழுத்து, வாங்க, மேலிருந்து பார்க்கையில் கட்டைவிரல் அகலம்தான், ஹெலிகாப்டரைச் சாய்த்து இறக்கிக்கொண்டே மேஜர் ஞானதிரவியம் சிரிக்கிறார், இல்லை, இது பாளையங்கோட்டை வீட்டு சிங்க், வடிகட்டியிலிருந்து கொட்டிய தேயிலைச் சக்கை, எழுபத்திரண்டு வயதில் ஒற்றைத் தம்ளருக்குப் போட்ட தேநீர், ஆனாலும் கண் அப்படித்தான் பார்க்கும், பார்க்கவென்றே பழக்கிய கண் அது. பீரங்கிப் படையிலிருந்து வந்தவர்களிடம் பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார், நீங்கள் விமானப்படை அல்ல, பீரங்கியின் கண்கள். அந்தக் காலத்தில் தும்பி மாதிரி ஒரு சின்ன விமானத்தில் ஏறி, குண்டு எங்கே விழுகிறதென்று பார்த்துச் சொன்ன கூட்டம், பிறகு ஹெலிகாப்டர் வந்தது, எண்பத்தாறில் ராணுவ வான்பிரிவு என்று தனிப் பெயரும் வந்தது, கண்ணாக இருந்தவன் சுமைகூலியும் ஆனான், மண்ணெண்ணெயும் கடிதமும் மேலே, நோயாளி கீழே.

எல்லைப் பனிமலையின் அந்த உயரத்தில் எந்திரத்துக்கும் மூச்சு வாங்கும், குண்டுமணி எடை கூடினாலும் முரண்டு பிடிக்கும், பனிமேட்டுக் காவல்சாவடியில் அரை நிமிடம் தொட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இறங்குதளத்துக்கு அடையாளமிடுவது ரேடியோக்காரன் கொம்பையாவின் வேலை, விளாத்திகுளத்தான், அங்கே அவன் ஒருவன்தான் தமிழன், பனி மூட மூட தினமும் தேயிலைச் சக்கையால் வட்டம் போடுவான், ஒருநாள் ரேடியோவில், சார், நீங்க நாசரேத்துக்காரராமே, நம்ம பக்கந்தான், என்றான், மறுநாள் வட்டத்துக்குள் அந்த மூன்றெழுத்து. முகம் பார்த்ததில்லை, கறுப்புக் கண்ணாடியும் கம்பளிக் குல்லாவும்தான், மூன்று மாதம் கையசைத்தே வளர்ந்த சினேகம், அதைப்போல ஒன்று பிறகு அவருக்கு வாய்க்கவேயில்லை.

கொம்பையாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, உடனே இறக்க வேண்டும் என்று செய்தி வந்த அன்று, எரிபொருள் போதுமா சார், என்று அடிவாரத் தளத்தில் நின்றவன் கேட்கிறான், போன வாரம்தான் பாதி வழியில் சிவப்பு விளக்கு எரிந்து உயிர் போய் வந்தது, சூடு கண்ட பூனை, இன்னும் பத்து நிமிஷத்துக்கு ஊத்து, என்கிறார், விதிப்படி தப்பில்லை, யாரும் கேட்கவுமில்லை. மேலே கொம்பையாவை ஏற்றினார்கள், எந்திரம் முனகியது, எழவில்லை, இருக்கையைக் கழற்றி எறிந்தார்கள், அப்போதும் எழவில்லை, சுற்றிப் பறந்து எரித்துவிட்டு வரலாமென்றால் மேகம் பள்ளத்தாக்கை மூடிக்கொண்டு வருகிறது, அந்தப் பத்து நிமிடம் தொட்டிக்குள் தளும்பிக்கொண்டிருக்கிறது, அவனை இறக்கினார்கள். கண்ணாடி இல்லாத முகத்தை அன்றுதான் பார்த்தார், நீலம் பாரித்த உதடு, சின்னப் பயல், காதருகே வந்து, நாளைக்கு வாங்க சார், நான் எங்க போயிரப் போறேன், என்றான், காலையில மொத ஆளா வாரேன்டே, என்று இவர் கத்தினார்.

ஐந்து நாள் வானம் திறக்கவில்லை, மூன்றாம் நாள் ரேடியோவில் வேறொரு குரல். ஆறாம் நாள் எரிபொருளை அளந்து ஊற்றினார், கொம்பையாவைக் கித்தானில் சுற்றி ஏற்றினார்கள், எந்திரம் முனகவே இல்லை, பஞ்சு மாதிரி தூக்கியது, அந்த லகுவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை, மனைவி எஸ்தர் கண்மூடும்வரை அவளிடம்கூடச் சொல்லவில்லை, இப்போது சொல்ல வீட்டில் யாருமில்லை.

அந்த ஆறாம் நாள், அவனை ஏற்றுவதற்குச் சற்று முன், இறங்கும்போது, அவன்தான் இல்லையே, வெறும் வட்டம்தான் இருக்கும் என்று குனிந்து பார்க்கிறார், பழுப்பாக மூன்றெழுத்து இருக்கிறது, ஒன்று சாய்ந்து, ஒன்று பருத்து, எழுதியதல்ல, வரைந்தது, சாவடியில் அவனோடிருந்த அசாம்காரனும் கட்வால்காரனும் ஞாபகத்திலிருந்து வரைந்திருக்கிறார்கள், இந்தக் கோடுகள் இல்லாவிட்டால் இந்த சார் இறங்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டு. சிங்க்கில் சக்கை காய்கிறது, குழாயைத் திறக்கக் கை வரவில்லை, வாங்க, என்ன எழுதினோம் என்றே தெரியாதவர்கள் கூப்பிடுகிறார்கள், வரவேண்டிய அன்றைக்குப் பத்து நிமிடம் கூடுதலாகச் சுமந்து வந்தவரை.