தன் காலால் கேட்டைத் தாண்டினால்

ஒரே ஒரு வாக்கியத்தை நம்பி முனிரத்தினம் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்திருந்தான். உத்திரமேரூர் அரிசி மில்லின் முதலாளி வேதாசலம் அதைச் சொன்னது எழுபத்து நான்காம் ஆண்டு விஜயதசமியன்று, வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, பாதிச் சிரிப்போடு.

"இந்தக் காரு தன் காலால மில்லு கேட்ட தாண்டிச்சின்னா உன்னுதுபா. எனக்கு எதுக்கு அது?"

சுற்றி நின்ற மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். மில்லின் ஃபிட்டரான முனிரத்தினம் சிரிக்கவில்லை. அன்று அவனுக்கு இருபத்தாறு வயது.

கார் உமிக் கொட்டகையின் மூலையில் கிடந்தது. முதலாளியின் தம்பி கிருஷ்ணசாமி சோழவரத்துக் கார்ப் பந்தயத்தில் ஓட்டுவதற்கென்று வாங்கிய சீமைக் கார் அது. இரண்டே இருக்கைகள், கூரை கிடையாது, உயரம் ஓர் ஆளின் இடுப்பைத் தொடாது. ஒருகாலத்தில் சிவப்பாக இருந்தது. கிருஷ்ணசாமி சிங்கப்பூருக்குப் போனார், திரும்பவில்லை. அதன் இருக்கைகளில் கோழிகள் முட்டையிடத் தொடங்கின. ஊரார் அதைச் ‘சோயவரம் காரு’ என்றார்கள்.

கிருஷ்ணசாமி ஊரைவிட்டுப் போவதற்கு முந்தைய மாதம், பிரேக்கைச் சோதிப்பதற்காக முனிரத்தினத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏரிக்கரைச் சாலையில் ஒருமுறை ஓட்டிக் காட்டியிருந்தார். கால் மணி நேரம் இருக்கும். காற்று முகத்தை அறைந்தது. கரையின் பனைமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. அந்தக் கால் மணி நேரம் அவன் யாருக்கும் வேலைக்காரனாக இருக்கவில்லை. பின்பு வாழ்ந்த எந்தக் கால் மணி நேரமும் அப்படி அமையவில்லை என்பதே அவன் துயரத்தின் தொடக்கம்.

மில் நாளொன்றுக்குப் பதினோரு மணி நேரம் ஓடும். தவிட்டுத் தூசி இமைமயிரில் வெண்மையாகப் படியும். உச்சிவேளையில் சங்கு ஊதியதும் முனிரத்தினம் கொட்டகைக்குப் போய், கோழியை விரட்டிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்வான். நான்கு கியரையும் வரிசையாகப் போட்டுப் பார்த்த பிறகே தூக்குச்சட்டியைத் திறப்பான். மூட்டை தூக்கும் எல்லப்பன் தூணில் சாய்ந்து நின்று கேட்பான்.

"இன்னா நைனா, இன்னிக்கி மெட்ராஸா, பெங்களூரா?"

"சோறு துன்றப்போ பேசாத."

"பாத்து ஓட்டு. முன்னாடி கோயி கீது."

உதிரி உறுப்பு எங்கும் கிடைக்காத கார் அது. பம்புசெட்டுக்கு வரும் வளையங்களை அராவிப் பிஸ்டனுக்குப் பொருத்தினான். மூன்றாம் ஆண்டில் எஞ்சினில் விரிசல் விட்டது. ஐந்தாம் ஆண்டில் வயர்கள் முழுவதையும் எலி தின்றது. ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் கொட்டகைப் பக்கமே போகமாட்டான். பிறகு ஏதோ ஓர் உச்சிவேளையில் அவன் கால்கள் அங்கே கொண்டுபோய் நிறுத்தும். அதை நம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. நம்பிக்கைக்குக் கொஞ்சமாவது எதிர்காலம் தெரியவேண்டும். அவனுக்குத் தெரிந்தது அடுத்துச் செய்யவேண்டிய உறுப்பு மட்டுமே.

அவன் மனைவி மலர்க்கொடிக்கு அதுவும் தெரியவில்லை. அவளுடைய அண்ணன் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை பேசி வைத்திருந்தான். முனிரத்தினம் போகவில்லை. மில்லை விட்டால் முதலாளியின் சொல்லும் விட்டுப்போகும் என்று பயந்தான். அந்த வேலைக்கு வேறொருவன் போனான். பிறகு அந்த ஆள் ஓட்டு வீடு கட்டிவிட்டான் என்று சேதி வந்தது. அன்றுமுதல் மலர்க்கொடி காரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. மாலையில் அவன் கிரீஸ் கையோடு வந்தால், "எஞ் சக்களத்தி இன்னிக்கி இன்னா கேட்டா?" என்பாள். அவன் கை கழுவப் போய்விடுவான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு புரட்டாசியில் வேதாசலம் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"புது பாய்லர் வருதுபா. விஜயதசமி அன்னிக்கி பூமி பூஜ. காலைல எட்டரைக்குள்ள நல்ல நேரம். அதுக்குள்ள கொட்டாய் காலியாவணும். காயலான் கடக்காரன் லாரி கொண்டாறேன்னிக்கிறான்."

"மொதலாளி, கார்புரேட்டர் ஒண்ணுதான் பாக்கி."

"ஒம்போது வருசமா ஒண்ணுதான்பா பாக்கி." அவர் சிரித்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சொன்ன சொல்லு சொன்னதுதான். எட்டரைக்குள்ள தன் காலால தாண்டட்டும். எடுத்துக்கினு போ."

கார்புரேட்டரின் அடியில் ஜெட் என்னும் பித்தளைத் திருகு ஒன்று உண்டு. சுண்டுவிரல் நகத்தளவுதான். அதன் நடுவே மயிரிழை போன்ற துளை. எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் முழுவதும் அந்தத் துளை வழியாகவே போயாகவேண்டும். பழைய ஜெட் களிம்பு பிடித்துச் செத்திருந்தது. முனிரத்தினம் மில்லின் கடைசல் இயந்திரத்தில் புதிதாக ஒன்று கடைந்தான். துளையிடும்போது மூன்று தடவை ஊசி முறிந்தது. நான்காவது தடவை, ஆயுத பூஜைக்கு முந்தைய மாலையில், துளை விழுந்தது. வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கடுகில் பாதியளவு வெளிச்சம் தெரிந்தது. மறுநாள் காலையில் மாட்டிவிடலாம் என்று ஜெட்டையும் கார்புரேட்டரையும் கருவிகளோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்துப்போனான்.

மறுநாள் காலை அவன் குளித்துவிட்டு வந்தபோது கருவிகள் வாழையிலைமேல் வரிசையாக இருந்தன. சுத்தியல், ஸ்பானர், திருப்புளி, அரம் எல்லாம் துலக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டிருந்தன. ஆண்டுதோறும் நடப்பதுதான் அது. ஆனால் இந்த ஆண்டு இலையின் நடுவே கார்புரேட்டரும் இருந்தது. அதன் முன்னால், தனியாக, ஒரு வெற்றிலைமேல் அந்தப் பித்தளை ஜெட் மூக்குத்திபோல் மின்னிக்கொண்டிருந்தது.

"மலரு, அத்த இன்னிக்கி மாட்டியாவணும்."

"பூஜையில வச்சத எடுத்தா வெளங்குமா? நாளைக்கி காலீல மறுபூஜ பண்ணிட்டு எடுத்துக்க. ஒம்போது வருசம் பொறுத்தவன் ஒரு நாளு பொறுக்க மாட்டியா?"

"டைம் இல்ல மலரு."

அவள் ஊதுவத்தியைக் கொளுத்தினாள். திரும்பாமலே சொன்னாள்: "எஞ் சக்களத்திக்கு எங் கையால பொட்டு வச்சிக்கீறேன். நாளைக்கி வந்து நிக்கறேன், நீ ஓட்டறத பாக்க. இன்னிக்கி தொடாத."

ஒன்பது ஆண்டுகளில் அவள் அந்தக் காரின் பக்கம் திரும்பி நின்றது அதுதான் முதல் தடவை. முனிரத்தினத்தால் இலையை நோக்கிக் கை நீட்ட முடியவில்லை. மில்லின் இயந்திரங்களும் அன்று பூஜையில் இருந்தன; இன்னொரு ஜெட் கடையவும் வழியில்லை. அந்தப் பகலை அவன் வாசலில் நின்றே கழித்தான்.

விஜயதசமி விடிந்ததும் மலர்க்கொடி சூடம் காட்டி இலையை நகர்த்தினாள். அவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மில்லுக்கு ஓடினான். கேட்டுக்கு வெளியே சாலையோரம் லாரி ஏற்கெனவே வந்து நின்றது. ஜெட்டின்மேல் பூசியிருந்ததை வேட்டி நுனியால் துடைத்தான், முடுக்கினான், கார்புரேட்டரை எஞ்சினில் பூட்டினான். மணி எட்டைத் தாண்டியிருந்தது. எல்லப்பன் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்தான். அவன் அன்று கேலி எதுவும் பேசவில்லை.

முனிரத்தினம் கார்புரேட்டரின் வாயில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றிவிட்டு, இருக்கையில் ஏறி, ஸ்டார்ட்டரை அழுத்தினான்.

எஞ்சின் இருமியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கோழிகள் உமி மேட்டின்மேல் பறந்து ஏறின. கிளட்சை விட்டான். எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் அவனுக்குக் கேட்டது. கார் தன் காலால் நகர்ந்து, கொட்டகையைவிட்டு வெயிலுக்கு வந்தது. கேட்டருகில் மலர்க்கொடி நிற்பதைப் பார்த்தான். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கேட் எதிரே விரிந்து வந்தது. முப்பதடி, இருபது, பத்து.

திரியை விரலால் நசுக்கியதுபோல் எஞ்சின் நின்றது.

அவன் குதித்திறங்கி மறுபடி பெட்ரோலை ஊற்றினான். அவசரத்தில் பாதி வெளியே கொட்டியது. ஸ்டார்ட்டரை அழுத்தியபோது கார்புரேட்டர் தீயைத் துப்பியது. எல்லப்பன் ஈரச் சாக்கை எறிந்து அணைத்தான்.

"போதும்பா," என்றார் வேதாசலம். "உமி கீற எடம். பத்திக்கினா ஊரே போயிடும்."

"அஞ்சு நிமிசம் மொதலாளி."

சூட்டையும் பொருட்படுத்தாமல் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். விரல்கள் வெந்தன. உள்ளிருந்து, பூமி பூஜைக்கு வந்த ஐயர் நேரமாயிற்று என்று குரல் கொடுத்தார். முனிரத்தினம் கேட்டைப் பார்த்தான். பிறகு, வாழ்நாளில் யாரிடமும் கேட்காத குரலில் கேட்டான்.

"எட்டடிதான் மொதலாளி. தள்ளிக்கினு தாண்டிடறேன்."

வேதாசலம் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "தள்ளினா அது தன் காலாபா?" என்றார். அந்தக் கேள்வியில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் முனிரத்தினம் தாங்கியிருப்பான்.

அவர் லாரிப் பக்கம் தலையசைத்தார். மூட்டை தூக்குகிறவர்கள் ஆறு பேர் வந்து காரைத் தள்ளினார்கள். அது கேட்டைத் தாண்டியது, பன்னிரண்டு கால்களால். வெளியே பலகை சாய்த்து லாரியில் ஏற்றினார்கள். முனிரத்தினத்தின் கையில் கார்புரேட்டர் மீந்திருந்ததைக் காயலான் கடைக்காரன் கவனிக்கவில்லை. எடை போட்டு உருக்கப் போகிறவனுக்கு அது ஒரு பொருட்டும் அல்ல. லாரி காஞ்சிபுரம் சாலையில் திரும்பிற்று.

கேட்டுக்கு வெளியே சாலையோரக் கல்லில் முனிரத்தினம் உட்கார்ந்தான். மலர்க்கொடி பக்கத்தில் வந்து நின்றாள். அவன் ஜெட்டைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்தான். வெளிச்சம் தெரியவில்லை. வாயில் ஊற்றிய பெட்ரோலில்தான் கார் அவ்வளவு தூரம் ஓடியிருந்தது.

"ஒரு ஊக்கு குடு."

அவள் முந்தானையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் துளைக்குள் செலுத்தினான். காய்ந்து கெட்டிப்பட்ட மஞ்சள் துணுக்கு ஒன்று ஊசி முனையோடு வந்தது. முனிரத்தினம் அதை உடனே வேட்டியில் துடைக்கப்போனான்.

"இன்னா அது?"

"அயுக்கு. பெட்ரோல்ல வந்திருக்கும்."

அவள் ஊக்கை அவனிடமிருந்து வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

"பெட்ரோல்ல சந்தனம் வருமா?"

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"நாந்தான வச்சேன்," என்றாள். "நல்லா அயுத்தி வச்சேன், பொட்டு வியுந்துடக் கூடாதுன்னு." பிறகு, "கம்முனு கீறியே. திட்டேன்யா. ஒரு வார்த்த திட்டு."

அவன் துளையை மறுபடி வானத்துக்கு நேரே பிடித்தான். இப்போது வெளிச்சம் வந்தது, முன்பு பார்த்த அதே அளவு, கடுகில் பாதி. எந்தக் குறையும் இல்லாத துளை. ஏரிக்கரை முழுவதும் ஓட அது போதும். சாலையில் லாரி கிளப்பிய புழுதிகூட அடங்கிவிட்டிருந்தது. ஜெட்டை மலர்க்கொடியின் கையில் வைத்தான். அவள் விரல்கள் அதன்மேல் மூடிக்கொள்ளவில்லை.

கேட்டின் உள்ளிருந்து எல்லப்பன் எட்டிப்பார்த்தான். அவர்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"நைனா, மொதலாளி கூப்புடறாரு. பூஜ முடிஞ்சிடுச்சி. நல்ல நாளுலயே மில்ல ஓட்டிடணுமாம். பெல்ட்டு மாட்ட நீ வரணும்னாரு."

முனிரத்தினம் எழுந்து நின்றான். கேட்டுக்கு எட்டடிதான் இருந்தது. அவன் கால் நகரவில்லை.