அத்தை எழுதிய அட்டைகள்

நொஸ்ரத்துல்லா தன் அக்காவைப் புதைத்துவிட்டுத் திரும்பிய அன்று, டெஹ்ரானுக்குத் தென்மேற்கே இருக்கிற அராக் நகருக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்கில் காரை ஓரங்கட்டினார். மனைவி மன்ஸூரே பின் சீட்டில் குனிந்தபடி கறுப்பு உடையைக் கழற்றிவிட்டுப் பூப்போட்டதை மாட்டிக்கொண்டாள். அவர் அதையும் தன் கறுப்புச் சட்டையையும் டிக்கியில், ஸ்டெப்னி டயருக்கு அடியில் செருகினார். பிறகு கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை சிரித்துப் பார்த்தார். குடிநீர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவின் துணைத் தலைவர் அவர். எந்த அதிகாரி முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் இருபத்தாறு வருடப் பயிற்சி உண்டு. அன்று அது சரியாக வரவில்லை.

"கண்ணு சிவந்திருக்கே" என்றாள் மன்ஸூரே.

"வெங்காயம்னு சொல்லிக்கலாம்."

"நீங்க என்னைக்கு வெங்காயம் நறுக்கினீங்க?"

வீட்டில் அவர்களுடைய ஒரே மகள் ஷமீம் கொன்கூருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகக் கதவைத் திறக்கிற அந்த ஒற்றைத் தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம். கொன்கூர் எழுதும் பிள்ளை இருக்கிற வீட்டில் டி.வி. ஓடாது, விருந்தாளி வர மாட்டார், கரண்டிகூடப் பாத்திரத்தில் மோதாது. கெட்ட சேதியை மட்டும் உள்ளே விடுவார்களா? மேல்மாடிப் பையன் எழுதிய வருடம், அவன் தாத்தா இறந்ததை நான்கு மாதம் கழித்துத்தான் சொன்னார்கள். பையன் மருத்துவத்தில் சேர்ந்தான். அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது கட்டிடத்தில் எல்லாரும் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தாத்தாவுக்காக அல்ல, மருத்துவத்துக்காக.

இறந்தது வேறு யாராக இருந்தாலும் மறைத்துவிடலாம். இது மஹ்லகா அத்தை.

பக்கத்து ஊரான பொருஜெர்த்தில், பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒரு நொஸ்ரத்தை வளர்த்து ஆளாக்கினதே போதும்" என்பாள். ஷமீமுக்காக வாரம் எழுபது சொற்களை அட்டைகளில் தன் கையால் எழுதி, நூலால் கட்டி, ஒரு பொட்டலம் காய்ந்த மல்பெரியும் சேர்த்து, வியாழக்கிழமை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புவாள். நொஸ்ரத்துல்லா டெர்மினலுக்குப் போய் வாங்கி வருவார்.

அட்டையின் ஒரு பக்கம் இங்கிலீஷ் சொல். மறுபக்கம் அர்த்தமும் ஓர் உதாரண வாக்கியமும். வாக்கியத்தில் எப்போதும் ஒரே ஆள்தான் மாட்டுவார். பிடிவாதத்துக்கான சொல்லுக்குக் கீழே, "என் தம்பி முலாம்பழத்தோடு அரைமணி நேரம் வாதாடினான், கடைசியில் முலாம்பழம் விட்டுக்கொடுத்தது." பதவி உயர்வுக்கு, "என் தம்பி முன்பு ஜன்னல் இல்லாத அறையில் தூங்கினான். இப்போது ஜன்னல் உள்ள அறையில் தூங்குகிறான்." ஷமீமின் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால், கட்டைப் பிரித்துவிட்டாள் என்று அர்த்தம். நொஸ்ரத்துல்லா கதவுக்கு வெளியே நின்று, "அக்காவுக்கு நகைச்சுவை கொஞ்சம் பட்டிக்காட்டுத்தனம்" என்று தன் மீசையிடம் முறையிடுவார்.

படித்த அட்டைகள் ஒரு பெட்டிக்குள் போகும். கொன்கூர் வீடுகளில் குர்ஆனுக்கு அடுத்த மரியாதை அந்தப் பெட்டிக்குத்தான். நம் அஞ்சறைப் பெட்டி மாதிரி ஐந்து தடுப்பு. புது அட்டை முதல் அறையில் இருக்கும். அர்த்தத்தைச் சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு நகரும். தவறாகச் சொன்னால், எந்த அறையில் இருந்தாலும் திரும்ப முதல் அறைக்கு. ஐந்தாவது அறையையும் தாண்டிய சொல் மூளையில் ஏறிவிட்டதாகக் கணக்கு. அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அத்தையின் இதயம் நின்றுபோனது வகுப்பறையில், கரும்பலகைக்கு முன்னால். அடக்கம் முடிந்த மறுநாள் நொஸ்ரத்துல்லா மகளின் கொன்கூர் ஆலோசகரைப் பார்க்கப் போனார். இன்ஜினியர் கியான்பூர் என்பது அவர் பெயர். படித்தது பிஸ்கட் தயாரிப்பு. சுவர் முழுக்க ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள், நடுவில் எல்லாப் படத்தையும்விடப் பெரிதாக அவருடைய படம்.

"சொந்த அத்தையா, ஒண்ணுவிட்டதா?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"சொந்தம். என் கூடப் பிறந்த அக்கா."

இன்ஜினியர் கால்குலேட்டரைப் பார்த்தார், தொடவில்லை. "ஐநூறு ரேங்க் போயிடும் சார். ஒண்ணுவிட்ட அத்தைன்னா இருநூறோட நிறுத்தியிருக்கலாம். மூச்சு விடாதீங்க. வழக்கமா வர்றது எதுவும் நிக்கக் கூடாது, அட்டை உட்பட. பொண்ணோட போன் ஏற்கெனவே என்கிட்டதான் இருக்கு. உங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். வெளிய அடுத்த ஆளை வரச் சொல்லிடுங்க."

அத்தைக்குத் தொண்டையில் ஆபரேஷன், ஆறு மாதம் பேசக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள்.

"உங்க அக்கா ஆறு மாசம் பேசாம இருக்காங்கன்னா சுவரே நம்பாது" என்று சமையலறையில் கிசுகிசுத்தாள் மன்ஸூரே. ஷமீம் ஒன்றும் கேட்கவில்லை. "நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நொஸ்ரத்துல்லாவுக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் ஒரு மரியாதை பிறந்தது.

அட்டைகளை அவர் அலுவலகத்தில் வைத்து எழுதினார். சின்ன வயதில் அவருடைய வீட்டுப்பாடத்தை அவர் கையெழுத்திலேயே அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறாள். இப்போது முறை மாறியது. சாய்ந்த எழுத்து இரண்டே நாளில் கைக்கு வந்தது. வாக்கியங்கள்தான் இழுத்தன. அக்காவின் தொனி வேண்டும், துணைத் தலைவரின் கௌரவமும் கெடக்கூடாது. உழைப்பாளிக்கான சொல்லுக்குக் கீழே எழுதினார்: "என் தம்பி மிகுந்த உழைப்பாளி, அவனுடைய சேவையை மேலதிகாரிகள் உரிய முறையில் பாராட்டியுள்ளனர்." படித்துப் பார்த்தார். அக்காவே எழுதியதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை தவறாமல் டெர்மினலுக்குப் போனார். கட்டு அவருடைய பையிலேயே இருந்தது. இருந்தாலும் பொருஜெர்த் பஸ் வரும்வரை நின்றார். டிரைவர் அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் டாஷ்போர்டுப் பக்கம் கையை நீட்டுவார். பாதியில் நினைவு வந்து, அந்தக் கையை நெஞ்சின்மேல் வைப்பார். பஸ் காலியான பிறகு நொஸ்ரத்துல்லா கடைவீதியில் மல்பெரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

நாற்பதாம் நாள் காரியத்துக்கு, ஒரு சிநேகிதர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பும்போது மன்ஸூரே தன்னையறியாமல் ஒரு தட்டு ஹல்வாவோடு வந்தாள். குங்குமப்பூ போட்டு மாவைச் சிவக்க வறுத்துக் கிளறுகிற அந்த ஹல்வாவை அந்த நாட்டில் யாரும் கல்யாணத்தில் பரிமாற மாட்டார்கள். செத்தவர்களுக்காகக் கிளறுவது அது.

ஷமீம் தட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"கல்யாணத்துல ஹல்வாவா?"

"புது ஃபேஷன்" என்றார் நொஸ்ரத்துல்லா. "இப்பல்லாம் டெஹ்ரான்ல இப்படித்தான்."

"நல்ல கல்யாணமா?"

"ரொம்பக் கூட்டம். ஸ்கூல் பொண்ணுங்கல்லாம் வந்திருந்தாங்க."

அவள் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தட்டையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மறுநாள் காலையில் தட்டு காலியாக இருந்தது. "பசி. மூளை வேலை செய்யுது" என்று நொஸ்ரத்துல்லா மனைவிக்கு விளக்கினார்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பெட்டியைச் சோதித்து அறைவாரியாக அறிக்கை தரும்படி இன்ஜினியர் உத்தரவு போட்டார். அறிக்கை என்றால் நொஸ்ரத்துல்லாவுக்கு உயிர். ஷமீம் மாதிரித் தேர்வுக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தார். நான்காவது, ஐந்தாவது அறைகள் நிரம்பி வழிந்தன. எல்லாமே அவர் எழுதியவை. குப்பைக்கூடையிலும் அவருடைய அட்டைகள் ஏராளமாகக் கிடந்தன, மூளையில் ஏறியவை. முதல் அறையில் மட்டும், பெட்டியின் அட்டைச் சுவர் பிதுங்கும் அளவுக்கு, பழைய அட்டைகள். ஓரம் மழுங்கி, விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. ஒன்றுவிடாமல் அக்காவின் கையெழுத்து. நகரவே இல்லை.

முதலில் கவலைப்பட்டார். நாலு மாதமாகவா ஒருத்திக்கு முலாம்பழ வாக்கியம் மனதில் நிற்காது? பிறகு மெல்ல, அவர் தடுத்தும் கேட்காமல், ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. முப்பது வருடம் டீச்சராக இருந்தவள் எழுதிய சொற்கள் முதல் அறையிலேயே கிடக்கின்றன. அவர் எழுதியவை வாரம் ஓர் அறை தாண்டுகின்றன. மறுநாள் அலுவலகத்தில் டீ குடிக்கும்போது, "கற்பிக்கிறதுங்கறது படிச்சு வர்ற விஷயம் இல்ல, பிறவியிலேயே இருக்கணும்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். அன்று மாலையே அதற்காக வெட்கப்பட்டு, அக்காவுக்கு ஒரு பாத்திஹா ஓதினார்.

தேர்வு ஒரு வியாழக்கிழமை வந்தது. மண்டபத்துக்கு வெளியே பெற்றோர்கள் வெயிலில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு நின்றார்கள். நொஸ்ரத்துல்லாவின் சட்டைப் பையில் மூன்று பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. ஷமீமிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாள் உட்கார்ந்து தயாரித்தது. "பொருள்: அன்னாரின் மறைவு குறித்துத் தெரிவித்தல்" என்று தொடங்கியது.

ஷமீம் வெளியே வந்து பின் சீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நொஸ்ரத்துல்லா தொண்டையைச் செருமினார்.

"ஷமீம் ஜான், கண்ணு, வாழ்க்கைங்கிறது ஒரு பயணம். அந்தப் பயணத்துல..."

"அப்பா, டிக்கில அம்மாவோட கறுப்புத் துணி இருக்குல்ல?" என்றாள் அவள். "எனக்குப் பத்தும். பொருஜெர்த்துக்கே போயிடலாம்."

மூன்று பக்கத் தாள் அவர் கையில் பாதி பிரிந்த நிலையில் நின்றது.

"எப்பலேருந்து தெரியும்டி?" என்றாள் மன்ஸூரே.

"மொதக் கட்டுலயே. 'என் தம்பி மிகுந்த உழைப்பாளி'ன்னு அத்தை எழுதுவாங்களாம்மா?"

மன்ஸூரே வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் வந்தது முதலில் சிரிப்பு, அப்புறம் அழுகை.

"ஏன் சொல்லலை?" என்றார் நொஸ்ரத்துல்லா.

"நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு கஷ்டப்பட்டீங்க. டிக்கில கறுப்புத் துணியை ஒளிச்சு வெச்சு, ஹல்வாவுக்கு ஃபேஷன்னு சொல்லி... அதெல்லாம் வீணாப் போகணுமா?"

அவர் காரைக் கிளப்பினார். நகர எல்லை வந்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும், ஒரு விஷயம் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஆனா என் அட்டையெல்லாம் அஞ்சாவது அறைக்குப் போயிடுச்சு. அக்காவோடதுதான் உனக்கு ஒண்ணும் ஏறலை. நான் பெட்டியைப் பார்த்தேன்."

"அத்தையோடது எல்லாமே மொத வாரத்துலயே மனப்பாடம்ப்பா" என்றாள் ஷமீம். "சரியாச் சொன்னா நகரும். அஞ்சு அறையும் தாண்டினா வெளிய போயிடும். அப்புறம் அவங்ககிட்டேருந்து புதுசா வராதுல்ல. அதான் தினமும் தெரியாதுன்னு சொல்லி, மொத அறையிலயே போட்டுக்கிட்டிருந்தேன்."

அதே பெட்ரோல் பங்க் வந்தது. நொஸ்ரத்துல்லா காரை நிறுத்தி டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னிக்கு அடியில் அவருடைய கறுப்புச் சட்டை கசங்கிக் கிடந்தது. முதுகில் டயரின் தடம் பதிந்திருந்தது. அதைக் கையில் எடுத்தவர் போட்டுக்கொள்ளவில்லை. முகத்தில் வைத்துக்கொண்டு, டிக்கிக்குள் தலையைக் கொடுத்து, ஐந்து மாதத்தையும் சேர்த்து அழுதார். பெட்ரோல் போடுகிறவன் குழாயைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஷமீம் அம்மாவின் கறுப்பு உடையில் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தோள்பட்டை தொளதொளவென்று இருந்தது. இதுவரை கேட்காத கேள்வியை அவர் கேட்டார்.

"பரீட்சை எப்படிம்மா இருந்தது?"

"அத்தை அட்டையிலேருந்து ஒண்ணு வந்துச்சு. முலாம்பழம்."

"என்ன எழுதினே?"

ஷமீம் சாலையைப் பார்த்தாள். பொருஜெர்த்திலிருந்து வருகிற வியாழக்கிழமை பஸ் அவர்களைத் தாண்டி நகரத்துக்குள் போனது.

"சரியாச் சொல்லிட்டேன்ப்பா" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.