தயிர்சாதப் பூனை

எச்சக் கையால காக்கா ஓட்டாத மனுஷன்னு சொல்லக் கேட்டிருக்கேன். கண்ணால பாத்தது கல்யாணமாகி திருப்பதிக்கு வந்தப்புறம் தான். எங்க பக்கத்து வூட்டு தோதாத்ரி சாமி. பேங்குல மேனேஜரா இருந்து ரிடையர் ஆனவரு. நான் ரோஜா. நகரியில தறி சத்தத்துல வளந்தவ, சத்தமாத்தான் பேசுவேன். அவரு காதுல விழுந்தா விழட்டும்.

அவரு பொண்ணு மாதவி பெங்களூருக்கு வேலைக்குப் போறப்ப, வெண்ணெய்னு ஒரு வெள்ளப் பூனைய இங்க உட்டுட்டுப் போச்சு. அதோட தீனிக்குன்னு மாசா மாசம் பணமும் அனுப்புது. சாமி என்ன பண்ணாரு? பணத்த பேங்குல போட்டாரு, பூனைக்கு தயிர் சாதம் போட்டாரு.

"நம்மாத்துப் பூனை சுத்த வைஷ்ணவம். ததியோன்னம் தவிர எதுலயும் வாய் வைக்காது. காலணா செலவில்லை"ன்னு தெருவுல போறவன் வரவனையெல்லாம் நிக்க வெச்சு சொல்லிக்கினு கெடப்பாரு. பூனை வளக்கறது எப்படின்னு ஊருக்கே பாடம் வேற. தூ!

வெண்ணெய் பளபளன்னு இருந்துச்சுன்னா அது ததியோன்னத்தால இல்ல, என் கருவாட்டால. மத்தியானம் சாமி கொறட்ட உட ஆரம்பிச்சதும் சுவத்த ஒரே தாவா தாவி எங்க பின்பக்கம் வந்துடும். நெத்திலி துன்னுட்டு, மீசைய நக்கிக்கினு, ஒண்ணுமே தெரியாத மாதிரி போய் அவரு மடியில சுருண்டுக்கும். அவரு சம்சாரம் நாமகிரி மாமி ஜன்னல்ல இருந்து எல்லாத்தையும் பாப்பாங்க. பாத்துட்டு அந்தாண்ட திரும்பிக்குவாங்க. நல்ல மனுஷி.

தை மாசத்துல ஒரு நா, அந்தத் திருட்டுக் கழுத நான் போட்ட மீன் தலைய கவ்விக்கினு போய், அவங்க துளசி மாடத்துகிட்ட வெச்சு துன்னிருக்குது. ஐயய்யோ, சாமி போட்ட கூச்சல்! ஆசாரம் போச்சு, அனுஷ்டானம் போச்சுன்னு குதிச்சாரு. நான் அதுல தப்பு சொல்ல மாட்டேன். துளசி மாடத்துல மீன் முள்ளு கெடந்தா யாருக்கும் கோவம் வரும், எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்காக ஒரு பூனைய தூண்ல கட்டிப் போடுவாங்களா? அதுவும் பழைய வேட்டிய கிழிச்சு, திரிச்சு! கயிறு வாங்கினா காசாச்சே.

தையில கட்டினவரு ஆனி வந்தும் அவுக்கல. எலி இல்ல, பல்லி இல்ல, காலையும் ராத்திரியும் தயிர் சாதம். "சாமி, கடையில விக்கிற பூனைத் தீனியாவது வாங்கிப் போடுங்க"ன்னு சொல்லிப் பாத்தேன். "அதுல மீன் கலக்கறான்"னாரு. மாதவி போன் பண்ணி கேட்டா, "அதுக்கென்ன, ராஜாவாட்டம் இருக்கு"ன்னு சொல்லிடுவாரு.

ஒரு நா மாமி சுவத்துகிட்ட வந்து நின்னு, "ரோஜா, இது தூண்லயே போய் முட்டிக்கறதுடி"ன்னு அழுதாங்க.

காசு கேக்காத கவர்மென்ட் மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போனோம். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "பில்லிக்கி சேப்பலு பெட்டலேதா?"ன்னு கேட்டாங்க. பூனைக்கு மீனே போடலியான்னு அர்த்தம். கறி மீனுல இருக்கற சத்து இல்லன்னா பூனைக்கு கண்ணு போயிடுமாம். போன பார்வை போனது தான், மிச்சத்த வேணா காப்பாத்தலாம்னாங்க.

"நாங்க ஆசாரமான குடும்பம்"னாரு சாமி.

"அப்போ அந்த சத்து மருந்தாவே வருது. தினம் சோத்துல கலந்து குடுங்க."

சாமிக்கு மூஞ்சி மலந்துடுச்சு. வெலய கேட்டாரு. மலந்த மூஞ்சி சுருங்கிப் போச்சு. மருந்து வாங்காமலே வூட்டுக்கு வந்துட்டோம்.

மறுநா காலையில சுவத்துக்கு மேல அவரு தலை தெரிஞ்சுது. "ஏம்மா ரோஜா, ஞாயித்துக்கெழமை மீன் வாங்கறயோல்லியோ? தலையெல்லாம் தூரத்தானே போடறே?"

மீனு பாவமில்லயாம், காசு குடுத்து வாங்கினாத்தான் பாவமாம்! இந்த ஆசாரத்துக்காகவா ஒரு வாயில்லா ஜீவன் கண்ண எடுத்தே, பாவி மனுஷா? இத அவரு மூஞ்சிக்கு நேரா கேக்கத்தான் வாயத் தொறந்தேன்.

அதுக்குள்ள மாமி வந்துட்டாங்க. கையில கூடை, கூடையில வெண்ணெய், கழுத்துல வேட்டித் துணி இல்ல. சுவத்துக்கு மேல தூக்கி என் கையில குடுத்தாங்க.

"தலை வேண்டாம்டி. பூனையையே வெச்சுக்கோ. மாதவிகிட்ட நடந்ததை நானே சொல்லிக்கறேன்."

புருஷன் எதிர்ல மாமி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. சாமி மாமிய பாத்தாரு, பூனைய பாத்தாரு. அவரு மடியிலயே வளந்த ஜீவனாச்சே. குடுக்க மாட்டேன்னு சண்டை போடுவாரு, இல்ல ஒரு சொட்டு கண்ணீராவது உடுவாருன்னு நெனச்சேன்.

"கூடையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு"ன்னாரு.

அவரு குரல் கேட்டதும் வெண்ணெய் அந்தப் பக்கமா கழுத்த நீட்டி ஒரு தரம் கத்துச்சு. பூனைய தூக்கி தோள்ல போட்டுக்கினு, கூடைய சுவத்து மேல வெச்சேன். அவரு எடுத்துக்கினு உள்ள போயிட்டாரு.