இடம் மாறிய இரண்டு இலக்கங்கள்

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலிப் பெண்மணி தேடுபொறி விளம்பர ஆலோசகர். இணையத்தில் நாம் எதைத் தேடினாலும் முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் வந்து நிற்கும் விளம்பரங்கள் இருக்கின்றனவே, அவற்றை வாடிக்கையாளர்களுக்காக நடத்துபவர்.

"ஊர்ல என்னென்ன கவலை இருக்குன்னு எனக்குத் தெரியும். யாருக்குன்னு தெரியாது. ஒரே ஒரு தடவை தெரிஞ்சுபோச்சு" என்றார்.

ஊசி போட்டு எனக்கு வாய் மரத்திருந்தது. குறுக்குக் கேள்வி கேட்க முடியவில்லை. அடையாளங்களை மாற்றி எழுதலாம் என்றார். மாற்றியிருக்கிறேன்.*

(* எதை என்று சொல்லிவிட்டால் மாற்றியதற்கு அர்த்தமில்லை.)

2

முதல் தொடக்கம்: 'மழை கொட்டிய அந்த மாலையில், ரகசியங்களின் கனம் தாங்காமல் அவள்...'

வேண்டாம். மழையே இல்லை. காலை பதினொரு மணி. அந்த ஆலோசகரை (கதைக்குள் இனி 'அவள்') அவளுடைய வாடிக்கையாளரான மறதிநோய் மருத்துவமனையிலிருந்து வரவேற்பாளர் கூப்பிட்டாள்.

"மேடம், உங்க விளம்பரத்தைப் பார்த்து படிவம் நிரப்புறவங்க நம்பர் நிறைய தப்பா வருது. என்னன்னு பாருங்க."

பட்டியல் வந்தது. பெயர்களை நீக்கித்தான் அனுப்பியிருந்தார்கள். எண்ணும், அவரவர் எழுதிய குறையும் மட்டும். ஏழாவது வரியில் அவள் கண் நின்றது. அக்காவின் எண். கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

'முப்பது வருடமாகக் கணக்கு டீச்சர். இப்போது பிள்ளைகள் பெயர் மறக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்.'

3

சரியான எண் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மருத்துவமனையிடம் சொன்னால் அக்கா யாரென்று காட்டிக்கொடுத்ததாகும். அக்காவிடம் சொன்னால், வேலையில் பார்ப்பது எதையும் வெளியே விடமாட்டேன் என்று போட்ட கையெழுத்து என்னாவது? சொல்லாவிட்டால் அக்காவுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவே வராது.

(இங்கே அவள்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். நானாயிருந்தால் எண்ணைத் திருத்திவிட்டுக் கமுக்கமாக இருந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்தே அவர் பதில் சொன்னார்: "அக்கா என்கிட்ட சொல்லலைங்க. நான் பார்த்துட்டேன். ரெண்டும் ஒண்ணில்ல.")

படிவம் இனி எண்ணை இரண்டு முறை கேட்கும்படி மாற்றினாள். நாளை வருகிறவர்கள் பிழைத்தார்கள். அக்கா?

4

மாலையே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே போன்.

"யார் போனுக்குக் காத்திருக்கே?"

"வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன். கூப்பிடறேன்னு சொல்லி நாலு நாளாச்சு. ஆளையே காணோம்."

"நீயே கூப்பிட்டுடேன்க்கா. நம்பரை மாத்திப் போட்டிருப்பே."

சிவப்புப் பேனா நின்றது.

"நான் நம்பர் போட்டேன்னு உனக்கு யாரு சொன்னா?"

5

முடிவு அ: தங்கை விம்மி அழுது எல்லாவற்றையும்... (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று மழுப்புகிறாள், அக்கா நம்புகிறாள். (கணக்கு டீச்சராவது, நம்புவதாவது!)

நடந்தது இதுதான். தங்கை விடைத்தாள் கட்டை எடுத்து ஓரம் தட்டி அடுக்கினாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வேலை என்னன்னு மறந்தே போயிட்டேன் பாரு" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

தங்கை சமையலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவினாள், ஒவ்வொன்றாக.

உள்ளே அக்கா என்ன சொன்னாள், அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள்? நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கிறது. உங்களுக்கு வேறு ஏதாவது கேட்டால், தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.