பதினேழாம் கேள்வி

நாடு முழுவதும் ஒரே நாளில், ஒரே மணிக்கு நடந்த சமூக அறிவியல் தேர்வு. லட்சக்கணக்கான விடைத்தாள்களை விக்கல்கூட எடுக்காமல் விழுங்கிய திருத்தும் இயந்திரம், சமூக அறிவியல் டீச்சரின் வகுப்புத் தாள்களில் மட்டும் தொண்டை அடைத்து நின்றுவிட்டது. எல்லாம் பதினேழாம் கேள்வியால்: ‘தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் முறையிட வேண்டும்?’ விடை, நகரசபை அலுவலகம். ஆனால் முப்பத்தெட்டுப் பேரும் ‘நகரசபை உறுப்பினர்’ என்ற வட்டத்தையே கறுப்பாக்கியிருந்தார்கள். வகுப்பே ஒரே தப்பைச் செய்தால், இயந்திரத்தின் பாஷையில் அதற்குப் பெயர் காப்பி.

விசாரிக்கத் தேர்வுத் துறை ஆய்வாளர் வந்துவிட்டார். காப்பிதான் என்று முடிவானால் பிள்ளைகளுக்குத் தேர்வு ரத்து, டீச்சருக்கு வேலை காலி. அவர் பையை மேசையில் வைத்த சத்தத்திலேயே டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷம் உரிமை, கடமை என்று தொண்டை கிழியக் கத்தியதற்கு இந்தப் பேரா? ஏன் எல்லோரும் ஒன்றுபோல எழுதினார்கள் என்பது அவளுக்கே விளங்கவில்லை. தலைமையாசிரியரோ, எதற்கும் இருக்கட்டுமென்று அவளை விட்டு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஆய்வாளர் பக்கத்து அறைக்குப் போய், பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். முதலில் போனவள், வகுப்பே வக்கீலம்மா என்று அழைக்கும் வாயாடி. அவள் குரலுக்குக் கதவு ஒரு பொருட்டா?

“டீச்சர் மனு எழுதப் பழகச் சொன்னாங்க சார். நாங்க நிஜமாவே ஆபீசுல போய்க் குடுத்தோம். ஒன்பது மனு, ஒரு பதிலும் இல்ல. பத்தாவதை உறுப்பினர் கையிலேயே குடுத்தோம், மறுநாள் சாயங்காலம் விளக்கு எரிஞ்சிடுச்சு. அப்புறம் எப்படி சார் ஆபீஸ்னு எழுதுறது?”

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மார்க் போட்டு மறந்தே போன பயிற்சி அது!

அடுத்தடுத்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், ஆனால் ஆளுக்கொரு கோணத்தில். ஒருத்தி எழுதினவள், ஒருத்தன் வரிசையில் நின்றவன், இன்னொருத்தன் இருட்டில் சாக்கடைக்குள் விழுந்து எழுந்தவன். கடைசியாகப் பிள்ளைகளிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. ஒன்பது நகல்கள்; ஒன்பதிலும் நகரசபை அலுவலகத்தின் ‘பெறப்பட்டது’ முத்திரை.

ஆய்வாளர் வெளியே வந்தார்.

“இது காப்பி இல்ல டீச்சர், பட்டறிவு. அப்படியே எழுதி அனுப்பிடறேன். ஆனா விடை தப்புதான். ஒரு மார்க் போனது போனதுதான்.”

மார்க் போகட்டும், மானம் தப்பியதே! டீச்சர் விட்ட பெருமூச்சில் ஜன்னல் திரை கூரையைத் தொட்டதாகத் தலைமையாசிரியர் பிறகு சத்தியமே செய்தார். அவர் நாற்காலி அப்போது டீச்சரை ஒட்டியே இருந்தது.

வாசல் வரை போன ஆய்வாளர் தலையைச் சொறிந்தபடி திரும்பி வந்தார். தன் தெருவிலும் நாலு மாசமாக இருட்டுதான் என்றார். அந்தப் பத்தாவது மனுவைக் கொஞ்சம் பார்க்கலாமா?

வக்கீலம்மா பெருந்தன்மையோடு அதன் நகலை நீட்டினாள். “பாத்தே எழுதிக்குங்க சார். நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்.”